கறந்த பாலை விற்கத் தொடங்கும் முன்: சிறு விற்பனையாளருக்கான சட்ட வழிகாட்டி

நான்கைந்து கறவை மாடுகளை வாங்கி, காலையும் மாலையும் கறக்கும் பாலை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஊற்றிப் பிழைக்கலாம் என்று தமிழ்நாட்டில் தொழில் தொடங்குகிறவர்கள், மாட்டின் விலை, தீவனச் செலவு, காப்பீடு, கொட்டகை ஆகியவற்றையெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் முதல் லிட்டரை அளந்து ஊற்றிக் காசு வாங்கிய அந்தக் கணத்திலிருந்து தாம் சட்டத்தின் கண்ணில் ஓர் உணவு வணிகர் என்பதை, உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து கேனைத் திறக்கச் சொல்லும் வரை பலரும் அறிவதில்லை. இக்கட்டுரை அப்படிப்பட்ட புதியவர்களுக்காக எழுதப்படுகிறது. பாக்கெட் பால் ஆலைகளுக்கும் பெரும் பண்ணைகளுக்கும் உரிய விதிகள் மிகவும் விரிவானவை. அவற்றைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

சட்டம் எதைப் பால் என்கிறது

இந்தியா முழுமைக்கும் பொருந்துவது உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் ஒழுங்குமுறைகளும் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வொழுங்குமுறைகள் பாலுக்குத் தரும் வரையறையைத் தொழில் தொடங்குகிறவர் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் பின்னால் வரும் விதிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரையறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. நலமான கறவை விலங்கின் மடியை முழுமையாகக் கறந்து பெறும் இயல்பான சுரப்பே பால்; அதில் எதுவும் சேர்த்திருக்கக் கூடாது, அதிலிருந்து எதுவும் எடுத்திருக்கக் கூடாது, சீம்பால் கலந்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நலமான விலங்கு என்பதால் மடிநோய் கண்ட மாட்டின் பால் விற்பனைக் கேனுக்குள் போகக் கூடாது. முழுமையாகக் கறந்த பால் என்பதற்கும் காரணம் உண்டு: கறவையின் தொடக்கத்தில் வரும் பால் நீர்த்தும், கடைசியில் வரும் பால் கொழுப்பு மிகுந்தும் இருக்கும். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன்பாலை மட்டும் விற்றால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலேயே அந்தப் பால் தரக் குறைவாகிவிடலாம். கன்றுக்கு ஒரு காம்பை முழுமையாக ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டக் கறப்பது, கன்றுக்கும் நியாயமானது, சட்டத்துக்கும் பொருந்துவது. ஈன்ற மாட்டின் சீம்பாலை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து மகிழும் நம் வழக்கத்துக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. அதை வழக்கமான பாலோடு கலந்து விற்பதுதான் குற்றம். காய்ச்சும்போது திரிந்துபோவதால் வாடிக்கையாளரும் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் வேலை: பதிவு

சட்டத்தின் 31ஆம் பிரிவு, உரிமமோ பதிவோ இல்லாமல் யாரும் உணவு வணிகம் செய்யக் கூடாது என்கிறது. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் முதலில் வகுத்த எல்லைகளின்படி, நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் சேகரித்துக் கையாள்பவர் பதிவுச் சான்று பெற்றால் போதும். அதற்கு மேல் 50,000 லிட்டர் வரை மாநில உரிமமும், அதையும் தாண்டினால் மத்திய உரிமமும் தேவை. இத்தகைய எல்லைகளும் கட்டணங்களும் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் உணவு பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ இணையதளம் காட்டும் எல்லையையே கணக்கில் கொள்ள வேண்டும். ஐந்து மாடு வைத்திருப்பவர் பதிவு என்ற முதல் படியைத் தாண்ட வேண்டிய நிலை அநேகமாக வராது.

இந்த இடத்தில் நம் கிராமங்களில் பரவலாக ஒரு குழப்பம் இருக்கிறது. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குப் பதிவு தேவையில்லை என்று சொல்லப்படுவது பாதி உண்மை. பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருந்து, தம் பால் முழுவதையும் அந்தச் சங்கத்துக்கே ஊற்றுகிறவருக்கு மட்டுமே அந்த விலக்கு உண்டு. காலைப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு மாலைப் பாலை நான்கு வீடுகளுக்கு விற்பவர் விலக்குக்கு வெளியே வந்துவிடுகிறார். உழவர்களுக்கும் பண்ணை அளவிலான விளைபொருள்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று 18ஆம் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. அதைக் காட்டி, தாம் கறந்த பாலைத் தாமே விற்பவருக்கும் பதிவு வேண்டியதில்லை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றுகிறவருக்கென்று தனியாக ஒரு விலக்கு எழுதப்பட்டிருப்பதே, மற்றவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்பதை உணர்த்துகிறது. அந்த வாதத்தை நம்பி வழக்கில் சிக்கிக்கொள்வதைவிடப் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

பதிவுக்குப் புகைப்படம், அடையாளச் சான்று, தொழில் நடக்கும் முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு ‘படிவம் அ’வில் விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் தாமே செய்யலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்தின் உதவியைப் பெறலாம். விண்ணப்பம் சேர்ந்த 7 நாட்களுக்குள் அலுவலர் சான்றை வழங்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். ஆய்வு அறிவிக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். 7 நாட்களில் எந்தப் பதிலும் வராவிட்டால், அல்லது ஆய்வு அறிவிக்கப்பட்டு 30 நாட்களில் முடிவு வராவிட்டால், தொழிலைத் தொடங்கிக்கொள்ள ஒழுங்குமுறையே அனுமதிக்கிறது. விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது அதற்காகத்தான்.

கிடைக்கும் எண் 14 இலக்கங்கள் கொண்டது. பதிவு எண் 2 என்ற இலக்கத்திலும் உரிம எண் 1 என்ற இலக்கத்திலும் தொடங்கும். விற்பனை நடக்கும் இடத்தில் சான்றைப் பார்வைக்கு வைக்க வேண்டும். ரசீது கொடுப்பவரானால், 2022 ஜனவரி 1 முதல் அதிலும் இந்த எண் இருந்தாக வேண்டும். இருசக்கர வாகனத்தில் கேன் கட்டிச் செல்பவர் சான்றின் நகல் ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

கொட்டகையில்தான் சட்டம் தொடங்குகிறது

பால் கலப்படம் என்றதும் நமக்குத் தண்ணீரும் யூரியாவும் சோப்புத்தூளுமே நினைவுக்கு வருகின்றன. உணவு பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் நாடெங்கும் 1,103 நகரங்களிலும் பேரூர்களிலும் எடுத்த 6,432 பால் மாதிரிகளின் முடிவுகள் வேறு ஒன்றைக் காட்டின. உடலுக்குத் தீங்கான கலப்படப் பொருள் இருந்தவை அவற்றுள் 12 மாதிரிகள் மட்டுமே. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நச்சு அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்திருந்தவை 368. அந்த 368இல் தமிழ்நாட்டின் பங்கு 88; இங்கே எடுக்கப்பட்டவை மொத்தம் 551 மாதிரிகள். இந்த நச்சில் நாட்டிலேயே முன்வரிசையில் நின்ற மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. இதைச் செய்தவர்களில் யாரும் ஏமாற்ற நினைத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தீவனத்தைச் சரியாகச் சேமிக்காதவர்களாக இருந்திருப்பார்கள். புதியவர்கள் எல்லாவற்றையும்விட இதில் கருத்தூன்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஈரம் தங்கினால் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் பி1 என்ற நச்சை உண்டாக்குகிறது. மாடு அதைத் தின்றால், கல்லீரலில் அது எம்1 ஆக மாறி ஓரிரு நாட்களுக்குள் பாலில் இறங்கிவிடுகிறது. பாலில் அனுமதிக்கப்படும் அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. பாலைக் காய்ச்சிக் குடிப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். காசநோய்க் கிருமியும் கருச்சிதைவு நோய்க் கிருமியும் அதில் மடிந்துவிடும். ஆனால் இந்த நச்சு காய்ச்சினாலும் அழியாது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் தன் பங்குக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும், இதை அவரால் தடுக்க முடியாது. கொட்டகையில் இருப்பவர்தான் தடுக்க முடியும்.

அதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. புண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் சாய்த்து வைக்காமல், மரப்பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் ஒரு வாரத்துக்குத் தேவையானதற்கு மேல் வாங்கிச் சேர்க்கக் கூடாது. கட்டிப்பட்டதும், பச்சை அல்லது கருமை படர்ந்ததும், மக்கிய வாடை வீசுவதுமான தீவனத்தை, வெயிலில் காயவைத்துக் கறவை மாட்டுக்கே போட்டுவிடலாம் என்ற எண்ணம் தவறானது; பூஞ்சணம் காய்ந்தாலும் நச்சு போகாது. கடையில் வாங்கும் கலப்புத் தீவனமானால் இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தரநிலை, ஒரு கிலோ தீவனத்தில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் பி1 நச்சை அனுமதிப்பதில்லை. தவறிப்போய்ப் பூஞ்சணத் தீவனம் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். தீவனம் மாறிய சில நாட்களில் பாலில் நச்சின் அளவு இறங்கிவிடும். அந்தச் சில நாட்களின் பாலை விற்காமல் இருப்பதே நேர்மை.

அடுத்தது மருந்து. மடிநோய்க்குக் காம்பின் வழியே செலுத்தும் மருந்தானாலும், ஊசியாகப் போடும் நுண்ணுயிர்க்கொல்லியானாலும், மருந்தின் எச்சம் பாலில் வரும். எத்தனை நாள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது என்பது மருந்தின் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஆய்ந்து உறுதிசெய்யப்பட்ட கால அளவு இல்லாத மருந்துக்கு, பாலைப் பொறுத்தவரை குறைந்தது 7 நாட்கள் என்று மருந்து விதிகள் கூறுகின்றன. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும் முன், ‘எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும், ஐயா?’ என்று கேட்டு, மாட்டின் அடையாளம், மருந்தின் பெயர், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். ஐந்து மாட்டில் ஒன்றின் பால் ஒரு வாரம் போனால் ஏற்படும் இழப்பு சிறு குடும்பத்துக்குப் பெரியதுதான். அதனால்தான் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. தீவனம் வாங்கும்போதே மருந்துக் காலத்து இழப்பையும் மாதச் செலவில் ஒன்றாக எழுதிவைப்பவர் அந்த நெருக்கடிக்கு ஆளாவதில்லை.

பால் சுரக்க வைப்பதற்காக ஆக்சிடோசின் போன்ற ஊசிகளைப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறவையைக் கூட்டுவதற்காக விலங்கின் நலனுக்குக் கேடான எந்தப் பொருளையும் ஊசி மூலம் செலுத்துவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். கன்றை இழந்த மாடு பால் இறக்க மறுத்தால், கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்ட வேண்டும்.

கறவையும் கேனும் குளிரும்

ஒழுங்குமுறைகளின் 4ஆவது அட்டவணை உணவைக் கையாள்வோரின் சுத்தத்தைப் பற்றியது. பதிவு பெற்ற சிறு விற்பனையாளருக்கு அதன் முதல் பகுதியும், பால் நிலையங்களுக்கு மூன்றாம் பகுதியும் உரியவை. சிறியவர்களும் மூன்றாம் பகுதியைப் படித்து, முடிந்தவரை பின்பற்றுவது நன்மை தரும்.

கறக்கும் முன் மடியையும் காம்பையும் குடிக்கத் தகுந்த நீரால் கழுவி, தூய துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரம் சொட்டச் சொட்டக் கறந்தால் மடியின் அழுக்கு நீரே பாத்திரத்துக்குள் வடியும். அது சுகாதாரக் கேடு என்பதோடு, தண்ணீர் கலந்த பால் என்ற குற்றத்துக்கும் இடம் கொடுத்துவிடும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி போர்த்திய கிண்ணத்தில் தனியே எடுத்துப் பார்த்தால், திரிதிரியாக வரும் மடிநோயைத் தொடக்கத்திலேயே கண்டுவிடலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கையில் சீழ்ப்புண் உள்ளவர்கள் அன்று கறக்கவோ ஊற்றவோ கூடாது. வைக்கோலை உதறுவதும் தரையைக் கூட்டுவதும் கறவைக்கு முன்போ பின்போ இருக்க வேண்டும், கறவையின்போது கூடாது.

பாத்திர விஷயத்தில் அட்டவணை தெளிவாகவே பேசுகிறது: பாலைச் சேமிக்கவும் எடுத்துச் செல்லவும் பிளாஸ்டிக் கேன்களும், துருப்பிடிக்கும் சாதாரண இரும்புக் கேன்களும் கூடாது. எவர்சில்வர் கேனோ உரிய தரமுள்ள அலுமினியக் கேனோதான் ஏற்றது. பெயின்ட் டப்பாவையும் எண்ணெய் கேனையும் கழுவிப் பயன்படுத்துவது இன்றும் கண்ணில் படுகிறது. புதியவர்கள் அதைப் பார்த்துப் பழக வேண்டாம். வாய் குறுகிய பாத்திரத்துக்குள் கை நுழையாது. கை நுழையாத இடத்தில் பால் படிவு தங்கி, மறுநாள் பாலைப் புளிக்க வைக்கும். கேன் தளும்பாமலிருக்க வைக்கோலையோ இலையையோ வாயில் செருகுவதையும் கைவிட வேண்டும். இறுக்கமான மூடி உள்ள கேனுக்குக் கொடுக்கும் விலை வீணாகாது. வாடிக்கையாளருக்கு மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுப்பது, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அத்தகைய கைப்பைகளுக்கு உள்ள தடையை மீறுவதாகும்.

இனி நேரமும் வெப்பமும். உற்பத்தியாளர் பாலைக் கறந்த 4 மணி நேரத்துக்குள் நிலையத்தில் சேர்க்க வேண்டும், அங்கே அது விரைவில் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழாகக் குளிர்விக்கப்பட வேண்டும் என்பது மூன்றாம் பகுதியின் விதி. வீடு வீடாக ஊற்றுபவரிடம் குளிர்விக்கும் தொட்டி இருக்காது. ஆகவே அவர் நேரத்தைத்தான் சுருக்க வேண்டும்: கறவை முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் கடைசி வீட்டிலும் ஊற்றி முடிக்கும்படி வாடிக்கைகளின் எண்ணிக்கையையும் பாதையையும் வகுத்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் மாலைப் பாலுக்கு இதைவிடவும் குறைந்த நேரமே கிடைக்கும். கேனைக் குளிர்நீர்த் தொட்டியில் நிறுத்தி அவ்வப்போது கலக்கிவிடலாம். பனிக்கட்டியைப் பாலுக்குள் போடுவது தண்ணீர் கலப்பதே ஆகும்.

இந்தக் கோடைக் காலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பால் திரியாமலிருக்க ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடு என்று அனுபவம் வாய்ந்தவர் என்று நாம் மதிக்கும் ஒருவரே சொல்லிக் கொடுப்பார். சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மலின் என எதுவாயினும், பாலில் இயல்பாக இல்லாத ஒரு பொருளைச் சேர்த்த பாலை விற்பது தடைசெய்யப்பட்டது. சோடா புளிப்பை மறைக்கிறதே தவிரக் கிருமியைக் கொல்வதில்லை. புளிப்பு வெளிப்பட்டிருந்தால் கீழே கொட்டியிருக்கப்படும் பால், அதனால் ஒரு நோயாளியின் டம்ளருக்குப் போய்ச் சேருகிறது.

கொழுப்பும் திடப்பொருளும்

நீங்கள் விற்பது எந்தப் பால் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். பசும்பாலில் கொழுப்பு குறைந்தது 3.2 விழுக்காடும், எஸ்.என்.எஃப் என்று எல்லோரும் சொல்லும் கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 விழுக்காடும் இருக்க வேண்டும். எருமைப் பாலுக்கு இவை முறையே 5.0, 9.0. இரண்டும் கலந்த பாலுக்கு 4.5, 8.5. இன்ன வகை என்று குறிப்பிடாமல் விற்றால், பசும்பாலுக்கு உரியதைவிடக் கடுமையான அளவுகோலில் உங்கள் பால் நிறுக்கப்படும். பசுவின் பாலை மட்டும் விற்பவர் கேனில் ‘பசும்பால்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தூய பாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழே போகக்கூடும் என்பதுதான் புதியவர்களுக்கு அதிர்ச்சி தருவது. பால் அதிகம் கறக்கும் ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளுக்குக் கொழுப்பு இயல்பாகவே குறைவு. தீவனமும் போதாமல், வெயிலும் வாட்டினால் எஸ்.என்.எஃப் 8.0 அளவுக்கு இறங்கிவிடும். ‘நான் தண்ணீரே ஊற்றவில்லை’ என்பது உண்மையாக இருந்தாலும் ஆய்வறிக்கையில் அது தரம் குறைந்த பால்தான். பசும்புல்லும் வைக்கோலும் அடர்தீவனமும் அளவாகச் சேர்ந்த உணவு, நாள்தோறும் தாது உப்புக் கலவை, நிழல், குடிக்க எந்நேரமும் தண்ணீர் ஆகியவையே மருந்து. வெவ்வேறு கறவைப் பருவத்தில் உள்ள மாடுகளின் பாலை ஒன்றாகச் சேர்ப்பதும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும். தொடங்கிய முதல் மாதத்தில் ஒவ்வொரு மாட்டின் பாலையும் சங்கத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ தனித்தனியே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் கலந்தால் அளவு இறங்கும், கொழுப்பை எடுத்தால் அளவு ஏறும். இரண்டையும் செய்த பாலில் அது சரியான அளவையே காட்டும். கொழுப்புச் சோதனையும் சேர்ந்தால்தான் உண்மை வெளிப்படும்.

அளவை, பாட்டில், பெயர்

பால் ஊற்றும் அளவைக் குவளைகள் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. கொள்ளளவுக் குவளைகளுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். ஒடுங்கிப்போன குவளை முத்திரை இருந்தாலும் பயன்படாது.

கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி விற்பது இப்போது நகரங்களில் பெருகிவருகிறது. அடைத்து மூடிய அந்தக் கணத்தில் அது பொதியப்பட்ட உணவாகிவிடுகிறது. உணவின் பெயர், நிகர அளவு, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், 14 இலக்க எண், தேதி, எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். பதப்படுத்தாத பாலானால் ‘கறந்த பால், காய்ச்சிப் பருகவும்’ என்று தெளிவாக எழுதுவதை நான் வற்புறுத்துவேன். பாட்டில் நேர்த்தியாக இருப்பதாலேயே அது பதப்படுத்திய பால் என்று இளம் பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். பதப்படுத்துதல் என்பது 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 வினாடியோ சூடேற்றி உடனே குளிர்விப்பது. அதைச் செய்யாதவர் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

விளம்பரச் சொற்களிலும் நிதானம் வேண்டும். ஏ2 என்னும் புரத வகையைக் கொண்ட பால் என்று சொல்லும் ‘ஏ2 பால்’ என்ற அடைமொழியை நீக்குமாறு ஆணையம் 2024 ஆகஸ்டு 21 அன்று அறிவுறுத்தி, ஒரு வாரத்துக்குள்ளாகவே அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. இப்படி நிலைபெறாத ஒன்றை நம்பி ஆயிரம் லேபிள் அச்சிடுவது சிறு முதலீட்டாளருக்கு ஏற்றதன்று. ‘நாட்டுமாட்டுப் பால்’ என்றால் நாட்டு மாட்டின் பாலாகவே இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

மிஞ்சிய பாலைத் தயிராக்கி விற்பவர்களுக்கு ஒரு சொல்: காய்ச்சாத, பதப்படுத்தாத பாலில் உறைகுத்திய தயிரை விற்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. வெண்ணெய் எடுத்த பாலைப் பால் என்று விற்பதும் அதே தடைப்பட்டியலில் உள்ளது.

பிறரிடம் வாங்கி விற்கும்போது

வாடிக்கை பெருகியதும், அக்கம்பக்கத்துக் கொட்டகைகளில் பால் வாங்கிச் சேர்த்து விற்கத் தோன்றும். அப்போது பொறுப்பு பன்மடங்காகிறது. யாரிடமிருந்து வாங்கினோம் என்று அடையாளம் காட்ட முடியாத விற்பனையாளர் அந்த உணவுக்குத் தாமே பொறுப்பாவார் என்று 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆறு வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றிய பிறகு எந்த வீட்டுப் பாலில் குறை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் பாலையும் கேனில் சேர்க்கும் முன் முகர்ந்து, லாக்டோமீட்டரில் பார்த்து, சிறிதளவைச் சோதனைக் குழாயில் காய்ச்சித் திரிகிறதா என்று கண்டு, பெயர், நேரம், லிட்டர், அளவு ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குவதுதான் பாதுகாப்பு. நீங்கள் ஒரு கடைக்கு மொத்தமாக விற்பவரானால், 26ஆம் பிரிவின்படி பாலின் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து வடிவில் உறுதி தர வேண்டும். நீங்கள் கொடுக்கும் ரசீதே அந்த உறுதியாகக் கருதப்படும்.

அலுவலர் மாதிரி எடுக்கும்போது

உணவு பாதுகாப்பு அலுவலர் எந்த நேரத்திலும் வரலாம். வழியில் கேனை நிறுத்தியும் மாதிரி எடுக்கலாம். பதற்றப்பட வேண்டாம், பாலைக் கீழே கொட்டிவிட்டு ஓடவும் வேண்டாம். அலுவலரைத் தடுப்பது தனிக் குற்றம். முதலில் கேனை நன்றாகக் கலக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் மேலே மிதக்கும் கொழுப்பு கலக்காத மாதிரி உங்களுக்கே பாதகமாகும். எடுக்கும் பாலுக்கு அவர் விலை தர வேண்டும், மாதிரி எடுப்பதாக எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும், மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். கெடாமலிருக்க அவர் அதில் ஃபார்மலின் சேர்ப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அது ஆய்வுக்கான மாதிரிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பகுதிகள் அவருடைய மேலதிகாரியான நியமன அலுவலருக்கும் போகும். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி உங்கள் செலவில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த உரிமையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. அந்த இடத்திலேயே, எழுத்தில் கேளுங்கள்.

சுத்தக் குறைபாடு மட்டும் காணப்பட்டால், 32ஆம் பிரிவின்படி திருத்திக்கொள்ள அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், சுகாதாரமற்ற முறையில் கையாண்டதற்கு 1 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. கேட்ட தன்மையோ தரமோ இல்லாத உணவை விற்றால் 50ஆம் பிரிவின்படி 5 லட்சம் வரை அபராதம்; ஆனால் பதிவு பெற்ற சிறு வணிகருக்கு அது 25,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. அபராதத்தைத் தீர்மானிக்கும்போது, பெற்ற ஆதாயம், விளைந்த தீங்கு, தெரிந்தே செய்ததா, திரும்பத் திரும்பச் செய்ததா என்பவற்றையெல்லாம் கருத வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. தீவனம், மருந்து, சோதனை ஆகியவற்றுக்காக நீங்கள் எழுதிவந்த நோட்டுப் புத்தகம் இங்கேதான் உங்களுக்காகப் பேசும். கலப்படப் பொருளை வைத்திருப்பதே 57ஆம் பிரிவில் தனிக் குற்றம். பாதுகாப்பற்ற உணவு என்று முடிவானால் சிறைத்தண்டனையும், அதனால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும் உண்டு.

பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்து, அதை நீங்கள் ஏற்கவில்லையானால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து, மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். அந்த 30 நாள் கடந்துவிட்டால் முதல் அறிக்கையே நிலைத்துவிடும். ஆகவே தபால்காரர் கொடுத்த உறையைக் கிழித்தெறியாமல், கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி, அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.